ப்ளூ-ரே போதுமா, 4கே வேண்டுமா? எச்டி டிவிடி தோற்ற கதையோடு ஓர் ஒப்பீடு

புதிதாக 4கே டிவி வாங்கியவர்களில் சிலருக்குக் கொஞ்ச நாளிலேயே ஓர் ஆசை வந்துவிடுகிறது. ஓடிடியில் இன்று இருக்கும் படம் அடுத்த மாதம் இருப்பதில்லை. இருக்கிற படமும் இருட்டுக் காட்சி வந்தால் கட்டம் கட்டமாக உடைகிறது. பிடித்த படங்களையாவது டிஸ்க்காக வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று தேடினால், ஒரே படம் இரண்டு விலையில் நிற்கிறது: நீலப் பெட்டியில் சாதாரண ப்ளூ-ரே, கறுப்புப் பெட்டியில் 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே. எதை எடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேயர் வாங்கினால் 4கே பிளேயராகவே வாங்குங்கள். டிஸ்க்கை மட்டும் படத்துக்குப் படம் பார்த்து முடிவு செய்யுங்கள். நிறையப் படங்களுக்குச் சாதாரண ப்ளூ-ரேயே போதும். டிஸ்க்கின் கொள்ளளவையும் புள்ளிக் கணக்கையும் வைத்து மட்டும் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டிவிடியின் இடத்தைப் பிடிக்க எச்டி டிவிடி, ப்ளூ-ரே என்ற இரண்டு டிஸ்க் வகைகளுக்குள் 2006 முதல் 2008 வரை நடந்த போட்டியைவிட நல்ல பாடம் கிடையாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2006இல் டிவிடி நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அதன் படம் அமெரிக்காவில் 720க்கு 480 புள்ளி, பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய இந்தியா போன்ற நாடுகளில் 720க்கு 576. பெரியதைப் பெருக்கிப் பார்த்தாலும் நான்கு லட்சத்துக்குச் சற்று மேல்தான். அப்போது வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த எச்டி டிவிகளின் அளவோ 1920க்கு 1080 வரை போனது. இருபது லட்சம் புள்ளிகளுக்கு மேல். அவ்வளவு பெரிய படத்தை ஒரு டிஸ்க்கில் அடக்க டிவிடியின் சிவப்பு லேசருக்கு முடியாது. அலைநீளம் குறையக் குறையத்தான் லேசரால் சிறிய குழிகளைப் படிக்க முடியும். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புதிய டிஸ்க்குக்கு 405. நீலமும் ஊதாவும் கலந்த அந்த ஒளியைத் தருவது காலியம் நைட்ரைடு டயோடு. 1990களில் ஜப்பானில் நடந்த ஆராய்ச்சியின் பலன் அது. அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நீல எல்இடிக்காக 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது, டிஸ்க் பிரியர்களுக்கும் அதில் ஒரு பங்கு மகிழ்ச்சி இருந்தது.

இரண்டு அணிகளும் எடுத்துக்கொண்டது இதே 405 நானோமீட்டர் லேசரைத்தான். வழி பிரிந்தது லென்ஸில். ஒளியை எவ்வளவு சின்னப் புள்ளியாகக் குவிக்க முடியும் என்பதைச் சொல்லும் எண் ஒன்று லென்ஸ்களுக்கு உண்டு. தோஷிபாவும் என்இசியும் கொண்டுவந்த எச்டி டிவிடியில் அது 0.65. சோனி, பானாசோனிக், பிலிப்ஸ் முதலியவர்கள் கூடி உருவாக்கிய ப்ளூ-ரேயில் 0.85. எண் கூடினால் ஒளிப்புள்ளி சிறுக்கும், டிஸ்க்கில் அதிகம் எழுதலாம். ஆனால் அப்படி இறுக்கிக் குவிக்கும்போது டிஸ்க் துளி சாய்ந்தாலும் குவியம் கலைந்துவிடும். அதைச் சமாளிக்க, தகவல் இருக்கும் அடுக்கைப் பரப்புக்கு மிக அருகே கொண்டுவர வேண்டியிருந்தது. ப்ளூ-ரேயில் அது மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எச்டி டிவிடியில் 0.6 மில்லிமீட்டர், டிவிடியில் உள்ள அதே ஆழம்.

அந்த அரை மில்லிமீட்டரில் இருந்துதான் மற்ற எல்லாமே வந்தன. எச்டி டிவிடி, டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்வது. இருக்கிற டிவிடி ஆலைகளைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறுபக்கம் சாதாரண டிவிடி என்று இரட்டை டிஸ்க்கும் போட முடிந்தது. ப்ளூ-ரேக்கோ புதிய இயந்திரங்கள் வேண்டும். மேலும் 0.1 மில்லிமீட்டர் ஆழம் என்றால் ஒரு கீறல் போதும். 2003இல் ஜப்பானில் சோனி விற்ற முதல் ப்ளூ-ரே ரெக்கார்டரின் டிஸ்க்குகள் பிளாஸ்டிக் உறைக்குள் பூட்டப்பட்டு வந்தது இந்தப் பயத்தால்தான். டிடிகே நிறுவனம் கீறல் தாங்கும் கெட்டிப் பூச்சு ஒன்றைக் கொண்டுவந்த பிறகே ப்ளூ-ரே உறையைக் கழற்றிவிட்டு வெளியே வர முடிந்தது.

இந்தச் சிரமத்துக்கு ஈடாகக் கிடைத்தது இடம். எச்டி டிவிடி ஓர் அடுக்கில் 15 ஜிபி, இரண்டு அடுக்கில் 30 ஜிபி. ப்ளூ-ரே 25, 50. படம், ஒலி எல்லாம் சேர்த்து நொடிக்கு ஓடும் அளவு எச்டி டிவிடியில் சுமார் 36 மெகாபிட், ப்ளூ-ரே திரைப்பட டிஸ்க்கில் 54.

எண்களைப் பார்த்தால் ப்ளூ-ரே ஜெயித்ததில் வியப்பில்லை என்று தோன்றும். ஆனால் அந்த எண்களால் அது ஜெயிக்கவில்லை. இரண்டு பக்கமும் படம் வெளியிட்ட வார்னர், பல படங்களுக்கு விசி-1 என்ற முறையில் சுருக்கிய ஒரே கோப்பைத்தான் இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றியது. 30 ஜிபிக்குள் அடங்கும்படி செய்த படம், 50 ஜிபி டிஸ்க்கிலும் அப்படியேதான் தெரியும். அதைவிட மோசம், ப்ளூ-ரேயின் தொடக்கம். 2006 கோடையில் வந்த முதல் டிஸ்க்குகளில் பல, ஒற்றை அடுக்கில் பழைய எம்பெக்-2 முறையில் செய்தவை. அதே மாதங்களில் விசி-1இல் வந்த எச்டி டிவிடிகள் அவற்றைவிடத் தெளிவாக இருந்தன. இரட்டை அடுக்கு டிஸ்க்குகளும் எச்.264 முறையும் பரவலான பிறகுதான் ப்ளூ-ரே தன் உண்மையான பலத்தைக் காட்டியது.

பிளேயர்களிலும் அப்படித்தான். 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபாவின் முதல் பிளேயர் 499 டாலருக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். எச்டி டிவிடி பிளேயர் ஒவ்வொன்றிலும் இணைய இணைப்பு கட்டாயம், படத்துக்குள் இன்னொரு சிறு படம் காட்டும் வசதி கட்டாயம். ப்ளூ-ரேயில் இவை 1.0, 1.1, 2.0 என்று தவணை முறையில் வந்தன. முதலில் வாங்கிய பல பிளேயர்களில் பின்னால் வந்த வசதிகள் வேலை செய்யவே இல்லை. ஒரு நாட்டு டிஸ்க்கை இன்னொரு நாட்டு பிளேயரில் ஓடவிடாத பிராந்தியப் பூட்டும் எச்டி டிவிடியில் கிடையாது. பட்டியலை மட்டும் வைத்து 2006 கடைசியில் முடிவெடுத்தவர் எச்டி டிவிடியைத்தான் எடுத்திருப்பார். பாதி விலை, முழு வசதி, சமமான அல்லது மேலான படம்.

ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று இருந்தது: எந்த ஸ்டுடியோவின் படங்கள் எந்தப் பக்கம். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் மூன்றும் ப்ளூ-ரே மட்டும். எச்டி டிவிடிக்கு மட்டும் என்று நின்றது பெரிய ஸ்டுடியோக்களில் யுனிவர்சல் ஒன்றுதான். வார்னரும் பாரமவுண்டும் இரண்டிலும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டிஸ்னி படம் இல்லாத பிளேயரை வாங்கி என்ன செய்வது? 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தது. ஒவ்வொன்றிலும் ப்ளூ-ரே டிரைவ். விளையாட்டுக்காக வாங்கிய வீடுகளில் எல்லாம் ப்ளூ-ரே பிளேயரும் தானாக வந்து உட்கார்ந்தது. எதிர்ப்பக்கத்தில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு எச்டி டிவிடி டிரைவ் தனியாக 199 டாலர் கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக இருந்தது.

2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்டி டிவிடிக்கு மட்டும் என்று மாறின. நவம்பரில் வால்மார்ட் தோஷிபா பிளேயரை 100 டாலருக்கும் குறைத்து விற்றது. அந்த வாரம் வாங்கியவர்களுக்கு அது பெரிய லாபமாகவே பட்டிருக்கும். 2008 ஜனவரி 4ஆம் தேதி வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சிக்காகத் திட்டமிட்டிருந்த செய்தியாளர் சந்திப்பை எச்டி டிவிடி அணி ரத்து செய்தது. பிப்ரவரியில் அப்போது டிஸ்க் வாடகைக்குக் கொடுத்த நெட்ஃபிளிக்ஸ், கடைத் தொடர்களான பெஸ்ட் பை, வால்மார்ட் என்று ஒவ்வொருவராக ப்ளூ-ரே பக்கம் போனார்கள். பிப்ரவரி 19 அன்று தோஷிபா கையை எடுத்துவிட்டது. நூறு டாலர் பிளேயருக்கு வயது மூன்று மாதம்.

முடிவெடுக்கப் பயந்தவர்களுக்கும் அப்போது ஒரு வழி இருந்தது. எல்ஜி 2007இல் இரண்டையும் ஓட்டும் பிளேயரை 1,199 டாலருக்கு விற்றது. ஒரு பக்கம் ப்ளூ-ரே, மறுபக்கம் எச்டி டிவிடி என்று ஒரே டிஸ்க்கைக் கொண்டுவரப் போவதாக வார்னர் அறிவித்தது. அது விற்பனைக்கு வரவே இல்லை. போட்டி முடியும்வரை டிவிடியே போதும் என்று காத்திருந்தவர்கள்தான் அன்று பணத்தை இழக்காதவர்கள்.

பழைய எச்டி டிவிடி பிளேயரும் டிஸ்க்குகளும் இன்னும் வெளிநாட்டு இரண்டாம் கை விற்பனையில் கிடைக்கின்றன. வேண்டாம். அந்தப் படங்கள் பெரும்பாலும் ப்ளூ-ரேயாக வந்துவிட்டன. அந்தக் கால எச்டி டிவிடிகளில், முக்கியமாக வார்னர் டிஸ்க்குகளில் பல, ஒட்டிய அடுக்கு கெட்டு இப்போது படிக்கவே முடியாமல் போகின்றன.

இனி இன்றைய கேள்வி. முதலில் நிம்மதி தரும் செய்தி. ப்ளூ-ரேயும் 4கே ப்ளூ-ரேயும் எதிரிகள் அல்ல. இரண்டையும் வரையறுத்தது ஒரே சங்கம். 2016இல் 4கே டிஸ்க் வந்தபோது அதன் பிளேயர்கள் ப்ளூ-ரேயையும் டிவிடியையும் ஓட்டுபவையாகவே வந்தன. ஆகவே 4கே பிளேயர் வாங்கினால் எந்தப் பக்கமும் இழப்பு இல்லை. தலைகீழாக முடியாது, சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் 4கே டிஸ்க் ஓடாது.

இன்றைய ஆபத்து வேறு. டிஸ்க் என்ற பொருளே கடைகளை விட்டுப் போகிறது. ரசிகர்கள் கொண்டாடிய ஒப்போ 2018இலேயே பிளேயர் செய்வதை நிறுத்தியது. அமெரிக்காவில் முதல் 4கே பிளேயரை விற்ற சாம்சங் அடுத்த ஆண்டு விலகியது. அமெரிக்காவின் பெஸ்ட் பை டிஸ்க் விற்பதையே கைவிட்டுவிட்டது. டிஸ்க் தொடர்ந்து அச்சாகிறது, சின்ன நிறுவனங்கள் ஆசையோடு பழைய படங்களை வெளியிடுகின்றன. ஆனால் பிளேயரின் தேர்வு சுருங்கிக்கொண்டே போகிறது. அதனால்தான் டிஸ்க் சேர்ப்பதற்கு முன் நல்ல 4கே பிளேயர் ஒன்றை வாங்கி வைக்கச் சொல்கிறேன். ஐந்து வருடம் கழித்து உங்கள் அலமாரியில் இருநூறு டிஸ்க் இருந்து, ஓட்டுவதற்குப் பெட்டி இல்லாமல் போனால், எச்டி டிவிடிக்காரர்களின் நிலைதான் உங்களுக்கும்.

எந்தப் பெட்டி? பானாசோனிக்கின் யுபி420, யுபி820, சோனியின் எக்ஸ்700, எக்ஸ்800எம்2 ஆகியவை பல வருடமாக நல்ல பெயர் வாங்கியவை. டிவியின் வெளிச்ச அளவு குறைவாக இருந்தால் பானாசோனிக் 820 எனக்கு முதல் தேர்வு. பிரகாசமான காட்சிகளை டிவியின் சக்திக்கு ஏற்ப அமைத்து அனுப்பும் வேலையை அது நன்றாகச் செய்கிறது. டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க்கை ஓட்டும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அதிலேயே தொடங்கலாம். எச்டிஆர் (கூடுதல் வெளிச்சமும் நிறமும் தரும் முறை) வகைகளில் டிஸ்க்கின் டால்பி விஷன் இந்த இரண்டு பெட்டிகளிலும் வராது, எச்டிஆர்10 மட்டுமே. பிளேஸ்டேஷன் 4 ப்ரோவை 4கே என்று விற்றாலும் அதில் 4கே டிஸ்க் ஓடாது. இதைத் தெரியாமல் டிஸ்க் வாங்கியவர்கள் நிறையப் பேர். கணினியில் ஓட்டலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். அதற்குத் தேவையான பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் புதிய டெஸ்க்டாப் சிப்களில் இருந்து எடுத்துவிட்டது.

இப்போது படம். 4கே டிஸ்க்கில் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். ப்ளூ-ரேயைப் போல நான்கு மடங்கு. இந்த நான்கு மடங்கைத்தான் எல்லோரும் விளம்பரப்படுத்துகிறார்கள், ஆனால் வீட்டில் நமக்குக் குறைவாகப் பயன்படுவதும் இதுவே. நல்ல கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். அதை வைத்துக் கணக்கிட்டால், 55 அங்குல டிவியில் சுமார் ஏழு அடிக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு ப்ளூ-ரேயின் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியாது; அதற்கும் மேலே புள்ளிகளைக் கூட்டிப் பயனில்லை. 43 அங்குலத்துக்கு அந்தத் தூரம் ஐந்தரை அடி, 65 அங்குலத்துக்கு எட்டரை அடி. நம் வீடுகளில் சோபா இருக்கும் தூரத்தை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். பலருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

4கே டிஸ்க்கின் உண்மையான பலம் எச்டிஆர். ப்ளூ-ரேயின் படம் 100 நிட் வெளிச்சத்தை மனத்தில் வைத்துச் செய்தது, ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 4கே டிஸ்க்கில் 1,000 நிட்டுக்கும் மேலே போகலாம், நிறத்துக்கு 1,024 படிகள். இருட்டறையில் ஒரு விளக்குச் சுடர், கடல்மேல் விழும் வெயில், அந்தி வானத்தில் நிறம் மாறிக்கொண்டே போகும் இடம் ஆகியவற்றில் இது கண்ணைப் பிடித்து நிறுத்தும். உட்காரும் தூரம் இதைப் பாதிக்காது. ஆனால் டிவி பாதிக்கும். ஓஎல்இடி அல்லது பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் டிவி இருந்தால் எச்டிஆர் உங்களுக்குக் கிடைக்கும். பெட்டியில் எச்டிஆர் என்று அச்சிட்டிருந்தும் 300 நிட் தாண்டாத மலிவு டிவியில், அதே டிஸ்க் ப்ளூ-ரேயைவிட மங்கலாகக்கூடத் தெரியலாம். வீட்டு புரொஜெக்டர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஓடிடியோடு ஒப்பிட்டால் இரண்டு டிஸ்க்குமே ஒரு படி மேல். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடம் உண்டு. மூன்று அடுக்கு 100 ஜிபி 4கே டிஸ்க்கில் மொத்தம் 128 வரை போகலாம். அதுவும் எச்இவிசி முறையில், அதாவது அதே தரத்துக்கு ஏறக்குறையப் பாதி இடம் எடுக்கும் முறையில். மழை, புகை, ஃபிலிம் துகள் நிறைந்த காட்சிகளில் இந்த இடம் எங்கே செலவாகிறது என்பது தெரியும். ஒலியிலும் அப்படியே. டிஸ்க்கில் வரும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் ஸ்டுடியோவின் ஒலியைத் துளியும் இழக்காமல் தருபவை. ஓடிடியில் வருவது சுருக்கியது. தனி ஸ்பீக்கர்கள் வைத்திருப்பவருக்கு டிஸ்க் வாங்க இந்தக் காரணம் ஒன்றே போதும். இதில் ப்ளூ-ரேக்கும் 4கேக்கும் வடிவ அளவில் வேறுபாடு இல்லை. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் டால்பி அட்மாஸ் இரண்டிலும் வரும். சில ஸ்டுடியோக்கள் அட்மாஸை 4கே டிஸ்க்கில் மட்டும் வைத்துவிடுகின்றன என்பதால் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

இனி வருவதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியம்: மாஸ்டர். டிஸ்க்குக்கு வருமுன் அந்தப் படம் எந்த அளவில், எதிலிருந்து, யார் கையால் உருவானது? 2000க்குப் பிறகு பல ஆண்டுகள், கணினியில் நிறம் சீர்செய்து முடித்த படங்களில் பெரும்பாலானவை 2கே அளவில் முடிக்கப்பட்டவை. அதாவது அகலத்தில் 2,048 புள்ளிகள். அவற்றின் 4கே டிஸ்க்கில் இருப்பது பெரிதாக்கிய படம். எச்டிஆர் பயன் தரலாம். புதிய நுணுக்கம் என்று எதுவும் வராது. ஆனால் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்த பழைய படத்தின் நெகட்டிவை 4கேயில் ஸ்கேன் செய்தால், அதுவரை எந்த டிஸ்க்கிலும் இல்லாத விவரம் வெளியே வருகிறது. 1950, 60களில் 65 மில்லிமீட்டரில் எடுத்தவை இன்னும் ஒரு படி மேல். 4கே டிஸ்க்குக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டியது 2005இல் வந்த படத்துக்கு அல்ல, 1965இல் வந்த படத்துக்கு. இதை நண்பர்களிடம் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை.

மாஸ்டர் கெட்டால் 83 லட்சம் புள்ளியாலும் காப்பாற்ற முடியாது. ஜேம்ஸ் கேமரூனின் சில பழைய படங்கள் 2024இல் 4கே டிஸ்க்காக வந்தபோது, ஃபிலிம் துகளைக் கணினி கொண்டு துடைத்து முகங்களை மெழுகுபோல ஆக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் வருந்தினார்கள். நானும் அந்தக் கட்சிதான். துகள் அழுக்கு அல்ல. ஃபிலிமில் படமே அந்தத் துகள்களால் ஆனது. துடைத்தால் தோலின் நுண்வரிகளும் துணியின் இழையும் சேர்ந்தே போகும். இப்படிப்பட்ட படத்துக்கு நல்ல பழைய ப்ளூ-ரேயே சிறந்தது. எதிர்மாறாகவும் நடக்கும்: புதிய 4கே ஸ்கேனிலிருந்து செய்த சாதாரண ப்ளூ-ரே, பத்து வருடம் முந்தைய ப்ளூ-ரேயைவிட எங்கோ உயரத்தில் நிற்கும். சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களின் நெகட்டிவ் 1993இல் லண்டன் ஆய்வகத் தீயில் எரிந்தது. மிஞ்சியதை ஆஸ்கர் விருது தரும் அமெரிக்க அகாடமியின் ஆவணக் காப்பகமும் இத்தாலியின் பொலோன்யா ஆய்வகமும் மீட்டு 4கேயில் புதுப்பித்தன. 2015இல் அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனம் அதை ப்ளூ-ரேயாக வெளியிட்டபோது, அந்த மூன்று படங்களும் எப்படி ஒளிப்பதிவு செய்யப்பட்டன என்பதைப் பலர் முதன்முறையாகப் பார்த்தார்கள். அது சாதாரண ப்ளூ-ரேதான்.

ஆனால் அந்த டிஸ்க்கை வாங்கிச் சென்னையில் கடையில் கிடைக்கும் பிளேயரில் போட்டால் ஓடாது. இதுதான் நம் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் சி. கனடா, அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா ஏ. பிரிட்டன், ஐரோப்பிய நாடுகள், வளைகுடா, ஆஸ்திரேலியா பி. டொராண்டோவில் இருக்கும் அக்கா அன்போடு வாங்கி அனுப்பும் டிஸ்க் யாழ்ப்பாணத்தில் ஓடாமல் போகலாம். லண்டன் சித்தப்பா கொண்டுவருவது இருவரிடமும் ஓடாமல் போகலாம். பெரிய ஸ்டுடியோக்களின் டிஸ்க்குகள் பல பூட்டில்லாமலே வந்தாலும், பழைய படங்களை அக்கறையோடு வெளியிடும் சின்ன நிறுவனங்கள் உரிமை ஒப்பந்தங்களால் பூட்டிவிடுகின்றன. 4கே டிஸ்க்கில் பிராந்தியப் பூட்டே இல்லை. எந்த நாட்டில் வாங்கினாலும் எங்கும் ஓடும். வெளிநாட்டில் உறவுகள் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு 4கே வாங்க இது எச்டிஆரைவிட வலுவான காரணம். கவனிக்க வேண்டியது ஒன்று: 4கே பெட்டிக்குள் கூடவே வைக்கும் சாதாரண ப்ளூ-ரே பூட்டியதாக இருக்கலாம். கூடுதல் காட்சிகளும் பேட்டிகளும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

பிளேயரையும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், அதன் பின்பக்க ஸ்டிக்கரில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். வட அமெரிக்காவுக்கென்று செய்த சில பிளேயர்கள் 120 வோல்ட்டுக்கு மட்டுமானவை. நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் போய்விடும். ப்ளூ-ரே, டிவிடி பூட்டுகளும் அந்த நாட்டுக்கு உரியவையாகவே இருக்கும்.

தமிழ்ப் படங்களுக்காகவே டிஸ்க் பக்கம் வருபவர் 4கேயை எதிர்பார்த்து வரவேண்டாம். தமிழில் வந்தவை பெரும்பாலும் விசிடியும் டிவிடியும். ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுத் தமிழர்களை நம்பிக் கொஞ்சம் ப்ளூ-ரே வெளியிட்டன, அவ்வளவே. அந்த ப்ளூ-ரேக்களில் உங்களுக்குப் பிடித்தது கையில் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், மறுபடி அச்சாகும் என்று சொல்ல முடியாது. நம் பழைய படங்களின் நெகட்டிவ்கள் எத்தனை அழிந்தன, மிச்சத்தை யார் ஸ்கேன் செய்வார்கள் என்று நினைக்கும்போது, அப்பு படங்களுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்காவது நம் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. அது நடக்கும்வரை, உலக சினிமாவும் ஆங்கிலப் படங்களும்தான் டிஸ்க் அலமாரியை நிறைக்கும்.

ஆகவே என் கணக்கு இப்படி. 43 அங்குல டிவி, பத்தடி தள்ளி சோபா, ஸ்பீக்கர் எதுவும் இல்லை என்றால், டிஸ்க்குக்குச் செலவிடும் பணத்தை ப்ளூ-ரேயிலேயே வையுங்கள். ஒரு 4கே விலைக்கு இரண்டு மூன்று படம் கிடைக்கும். ஓஎல்இடி இருக்கிறது, பழைய ஃபிலிம் படங்கள் பிடிக்கும் என்றால், நெகட்டிவில் இருந்து புதிதாக ஸ்கேன் செய்த 4கே டிஸ்க்குகளைத் தேடுங்கள். 2கேயில் முடித்த 2000களின் படங்களுக்கு, எச்டிஆர் நன்றாக இருக்கிறது என்று நம்பத் தகுந்தவர் சொன்னால் மட்டும் 4கே. பூட்டிய வெளிநாட்டு டிஸ்க்காக இருந்தால், அதே படம் 4கேயில் உண்டா என்று முதலில் பாருங்கள்.

டிஸ்க் கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் ஒருமுறை முழுப் படத்தையும் ஓட்டிவிடுங்கள். 100 ஜிபி டிஸ்க்குகளில் மூன்று அடுக்கு. ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்கு லேசர் மாறும் இடத்தில் சில பிளேயர்கள் திணறி நின்றுவிடும். அது படத்தின் நடுவிலோ கடைசி அரைமணியிலோ வரலாம், முதல் பத்து நிமிடம் பார்த்தால் தெரியாது. நின்றால் முதலில் டிஸ்க்கைத் துடைத்துப் பாருங்கள். கைரேகையும் ஆலையில் ஒட்டிய மெல்லிய படலமும் இதற்குக் காரணமாகலாம். மென்மையான துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. அப்படியும் அதே இடத்தில் நின்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.